பெரிய கம்பெனிக்குள் தொடங்கும் ஸ்டார்ட்அப்பும் யூனிகார்ன் ஆகுமா?

கும்பகோணத்துத் தம்பி கேட்ட இந்தக் கேள்விக்குப் பதில்: பொதுவாக ஆகாது. பங்குச்சந்தைக்கு வராமலே 100 கோடி டாலர் மதிப்பைத் தொட்ட தனி நிறுவனம்தான் யூனிகார்ன். 2013-இல் அமெரிக்க முதலீட்டாளர் ஐலீன் லீ வைத்த பெயர். 1,000 கோடி டாலர் என்றால் டெகாகார்ன், 10,000 கோடி என்றால் ஹெக்டோகார்ன்.

இந்த மதிப்பு கல்லாவில் இருக்கும் பணம் இல்லை. கடைசியாக வந்த முதலீட்டாளர் ஒரு பங்குக்குக் கொடுத்த விலையை மொத்தப் பங்குகளால் பெருக்கிய கணக்கு. திருவையாற்றில் ஒரு மா நிலம் போன விலையை வைத்துப் பக்கத்து வயலுக்கெல்லாம் விலை சொல்கிற மாதிரிதான். கொஞ்சம் ஊதிப்போன கணக்கு என்பேன்.

கம்பெனிக்குள் பிறந்த திட்டத்துக்கு வெளியாள் விலை வைப்பதே இல்லை. கூகுளுக்குள் பால் புக்கைட் உருவாக்கிய ஜிமெயில் அப்படித்தான். செலவும் லாபமும் கூகுளுக்கே. தனியாகப் பிரித்து வெளி முதலீடு வாங்கினால் கதை வேறு; அப்போது யூனிகார்ன் ஆகலாம். வேலையை விட்டுத் தனியாகத் தொடங்கினாலும் அப்படித்தான்.

நம்ம திருச்சிக்காரர் கிரிஷ் மாத்ருபூதம் ஜோஹோ மென்பொருள் கம்பெனியை விட்டு வெளியே வந்து 2010-இல் தொடங்கியதுதான் இன்றைய ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம். 2018-இல் யூனிகார்ன் ஆனது. 2021-இல் அமெரிக்கப் பங்குச்சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானதும் யூனிகார்ன் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டது.