சிப்பிப்பாறை நாயையும் நாட்டுக்கோழிகளையும் ஒரே வீட்டில் வளர்க்கலாமா?

ஒன்றரை வயதுச் சிப்பிப்பாறை நாய் இருக்கும் வீட்டில் நாட்டுக்கோழிகளை மேயவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே வளாகத்தில் வளர்க்கலாம். ஆனால் இரண்டையும் ஒருசேர அவிழ்த்துவிடக் கூடாது. முயல் வேட்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட இந்த இனம் மோப்பத்தைவிடக் கண்ணை நம்பியே துரத்தும் என்பதால், கோழி நின்று கொத்திக்கொண்டிருக்கும் வரை பேசாமல் படுத்திருக்கும் நாய், அது சிறகடித்து ஓடிய கணத்தில் பாய்ந்துவிடும். இதற்காக நாயை அடிப்பதும், செத்த கோழியை அதன் கழுத்தில் கட்டித் தொங்கவிடுவதும் வீண் கொடுமை. துரத்துவதே அதற்கு இன்பம் என்பதால் அந்த வேகம் அடியால் அடங்காது.

ஆகவே வேலிக்குத்தான் செலவு செய்ய வேண்டும். மெல்லிய கோழிவலையை நாய் கிழித்துவிடும். பற்றவைத்த கம்பிவலையை 6 அடி உயரத்துக்கு அடித்து, அடியில் 1 அடியை மண்ணுக்குள் புதைத்து, நாயின் கண்மட்டத்துக்கு மேல் வரை தகரமோ பனையோலைத் தட்டியோ வைத்து மறைத்துவிடுங்கள். நாயை நன்றாக ஓடவிட்டு வந்த பிறகு, வாரில் பிடித்தபடி தொலைவில் அமர்த்தி, அது கோழியை விட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் வேகவைத்த ஈரல் துண்டு கொடுத்துப் பழக்கலாம். உடல் விறைத்து, கண் இமைக்காமல் நிற்கத் தொடங்கினால் உடனே அங்கிருந்து விலக்கிவிடுங்கள். எவ்வளவு பழகியிருந்தாலும், கோழிகளை அடைக்காமல் நாயை அவிழ்க்காதீர்கள்.