யாழினி என்ற பெயரின் பொருள் என்ன? இது சங்க காலப் பெயரா?

பெண் குழந்தைக்கு யாழினி என்று பெயர் வைக்கப் போகிறீர்கள். பொருள் என்ன, சங்க இலக்கியத்தில் உள்ள பெயரா, இப்போது ரொம்பப் பேருக்கு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். என் அக்கா மகள் ஒரு யாழினி. அவளுக்குப் பெயர் தேடிய நாளில் இதே கேள்விகள் எங்கள் வீட்டிலும் ஓடின.

முதலில் சங்க காலக் கதையை முடித்துவிடுவோம். குழந்தைப் பெயர்ப் பட்டியல் போடுகிறவர்கள் யாழினியைச் 'சங்கத் தமிழ்ப் பெயர்' என்று கூசாமல் எழுதுகிறார்கள். சங்கப் பாடல்களில் யாழ் பக்கத்துக்குப் பக்கம் வரும், யாழினி வரமாட்டாள். அந்தக் காலத்துப் பெண்பாற் புலவர்களின் பெயர்களைப் பாருங்கள்: வெள்ளிவீதியார், நக்கண்ணையார், ஒக்கூர் மாசாத்தியார், காக்கைபாடினியார் நச்செள்ளையார். ஓசையே வேறு. யாழினிக்கு ஒலியில் நெருங்கி வரும் சங்கப் பெயர் என்றால் எழினிதான்; அதியமான் மகன் பொகுட்டெழினி. அது ஆண் பெயர்!

ஆனால் பெயரைக் கட்டிய விதம் பழையதுதான். பாணர் குலத்தில் பாடும் பெண்ணைச் சங்கப் பாடல்கள் 'பாடினி' என்கின்றன. பாடு என்பதிலிருந்து பாடினி வந்த மாதிரி யாழிலிருந்து யாழினி. அப்படிப் பார்த்தால் யாழ் மீட்டுபவள், யாழுக்குரியவள் என்று பொருள் சொல்லலாம். யாழ் போல் இனியவள் என்றும் சிலர் விரிப்பார்கள். இலக்கணப்படி அது கொஞ்சம் இழுத்துப் பிடித்த விளக்கம், ஆனாலும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 'குழலினிது யாழினிது என்பதம் மக்கள் மழலைச்சொல் கேளா தவர்' என்ற குறள்தான் அதற்குப் பின்னால் இருக்கிறது. அந்தக் குறளில் யாழ் குழந்தையிடம் தோற்றுப் போகிறது என்பதையும் கவனியுங்கள்.

யாழ் என்றதும் பலர் வீணையை நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு. யாழ் வில் போல் வளைந்த தண்டில் நரம்புகள் கட்டிய கருவி, நரம்புக்கு ஒரு சுரம். வீணையில் ஒரே தந்தியை தண்டில் பதித்த வெவ்வேறு மெட்டுகளில் அழுத்திப் பல சுரங்கள் எடுக்கலாம். 21 நரம்புள்ள பேரியாழ் முதல் 7 நரம்புள்ள செங்கோட்டியாழ் வரை வகைகள் இருந்ததாகச் சிலப்பதிகார உரை சொல்கிறது. பிறகு கருவியே வழக்கொழிந்து போனது. ஈழத்துத் தமிழறிஞர் விபுலானந்த அடிகள் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதிய 'யாழ் நூல்' 1947இல் அரங்கேறியது. அதே ஆண்டில் அவரும் மறைந்தார்.

இலக்கியத்தில் யாழும் கையுமாக நிற்கும் பெண்கள் என்றால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது இருவர். சீவக சிந்தாமணியின் காந்தருவதத்தை. யாழ்ப் போட்டியில் தன்னை வெல்பவனையே மணப்பேன் என்று இருந்தவள், சீவகன் வென்று மணக்கிறான். இன்னொருத்தி மாதவி. கடற்கரையில் கோவலன் யாழோடு பாடியதில் வேறு பெண்ணின் நினைவு இருப்பதாக அவளுக்குப் பட்டது. அவள் அதே யாழை வாங்கிப் பதிலுக்குப் பாட, அதை அவன் தப்பாக எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான். சகுனம் பார்க்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இந்த இரண்டாவது கதையைச் சொல்லாதீர்கள்.

பெயர் எப்படிப் பரவியது? 1916இல் மறைமலை அடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும், அதன் பின் திராவிட இயக்கமும் தமிழ்ப் பெயர் வைக்கும் ஆசையை ஊட்டின. கயல்விழி, தேன்மொழி, மலர்விழி, எழிலரசி எல்லாம் அந்த அலையில் வந்து குவிந்தவை. யாழினி, மகிழினி போன்றவை அடுத்த அலை. சின்னதாக இருக்கின்றன, நந்தினி, பத்மினி என்று பழகிய காதுக்கு அந்நியமாகவும் படவில்லை, 'ழ' வேறு இருக்கிறது. இந்தக் கடைசிக் காரணத்துக்காகவே பாதிப் பேர் வைக்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

எத்தனை பேருக்கு இருக்கிறது என்று எண்ணிக்கையில் சொல்ல வழியில்லை. அமெரிக்காவில் ஆண்டுதோறும் அரசே பெயர் வரிசை வெளியிடுகிறது, நம் நாட்டில் அந்த வழக்கம் இல்லை. என் அனுபவத்தில், அக்கா மகளின் வகுப்பிலேயே இன்னொரு யாழினி உண்டு. தனித்துத் தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் இந்தப் பெயர் வேண்டாம்.

ஈழத்திலும் புலம்பெயர்ந்தவர்களிடமும் இந்தப் பெயர் உண்டு. ஊரின் பெயரே யாழ்ப்பாணம் அல்லவா? 2015இல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது வென்ற 'தீபன்' என்ற பிரெஞ்சுப் படத்தின் நாயகி பெயரும் யாழினிதான். ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் கவனம் தேவை. தமிழ்நாட்டில் 'ழ'வுக்கு 'இசட், எச்' போடுகிறோம், ஈழத்தவர்கள் 'எல்' போடுகிறார்கள். 'யா'வுக்கு ஒரு 'ஏ' போதுமா, இரண்டு வேண்டுமா என்பது தனி வழக்கு. பிறப்புச் சான்றிதழில் என்ன எழுதுகிறீர்களோ அதையே ஆதார், பள்ளி, பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் எழுதுங்கள். எங்கள் வீட்டில் ஆதாரில் ஒரு 'ஏ' கூடிப்போய், திருத்த அக்கா அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

சரி, பழைய நூலிலேயே பெண் பெயராக வந்ததுதான் வேண்டும் என்றால் ஆதிரையைப் பாருங்கள். மணிமேகலையின் அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டவள் அவள். எழுத்துக்கூட்டல் தகராறும் குறைவு.