புத்தகம் அடுக்கும் வேலை என்று சொல்லாதீர்கள்

கடந்த வாரம் ஒரு தந்தையும் தாயும் மகளை அழைத்துக்கொண்டு மேற்படிப்பு ஆலோசனைக்காக என்னிடம் வந்தார்கள். அந்தப் பெண் பள்ளிப் படிப்பை முடித்திருக்கிறாள். கணினிப் பொறியியலில் ஓர் இடம் பேசி முடித்தாகிவிட்டது. முன்பணம் கட்ட இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. யோசனை பெரியப்பாவுடையது. அவருடைய மகன் அதே படிப்பை முடித்துவிட்டு நல்ல வேலையில் இருக்கிறான். "இவள் என்னவோ லைப்ரரி, பழைய காகிதம் என்கிறாள். நீங்கள்தான் நாலு வார்த்தை எடுத்துச் சொல்ல வேண்டும்" என்றார் தந்தை. தாய் அப்போது பேசவே இல்லை. கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

வழக்கம்போல முதலில் ஆறுதலாகத்தான் பேசினேன். இன்னும் நாள் இருக்கிறது, பதற வேண்டாம் என்றேன். அதற்குள் அந்தப் பெண் பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து என் மேஜையில் வைத்தாள். தாத்தா இறந்த பிறகு பரணிலிருந்து இறக்கிய டிரங்குப் பெட்டியில் இருந்த கடிதங்களுக்கும் கணக்கு ஏடுகளுக்கும் அவள் தயாரித்த பட்டியல் அது. பெட்டிக்குள் எந்தக் கட்டு எதன்மேல் இருந்ததோ அந்த வரிசையைக் கலைக்காமல் எண் போட்டிருந்தாள். எங்கே துருப்பிடித்த குண்டூசி இருந்தது, எந்தத் தாளை மடிப்பில் பிரித்தால் உடையும் என்றெல்லாம் ஓரத்தில் குறித்திருந்தாள். 14ஆம் கட்டுக்கு நேராக ஒரு வரி: "தேதி இல்லை. 12ஆம் கட்டில் உள்ள அதே மை. கையெழுத்து படிக்க முடியவில்லை, ஊகித்து எழுதவில்லை."

அந்த வரியைப் படித்ததும் ஆறுதலை நிறுத்திவிட்டேன். ஆவணங்களை வைத்திருந்தவர் எந்த ஒழுங்கில் வைத்திருந்தாரோ அதைக் கலைக்கக் கூடாது என்பது ஆவணக் காப்பாளர்களின் அடிப்படை விதி. தெரியாததைத் தெரியாது என்று எழுத வேண்டும் என்பது அதைவிடப் பெரிய விதி. இரண்டையும் அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இந்தப் பெண்ணைப் பொறியியல் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைக்க நான் துணை போக மாட்டேன் என்று பெற்றோரிடம் சொன்னேன். அன்று நேரம் போதாமல் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அவர்களைப் போன்ற மற்ற பெற்றோர்களும் படிக்கட்டும்.

ஐயா, பொறியியல், மருத்துவம், கணக்குத் தணிக்கை பற்றியெல்லாம் இங்கே பேசப் போவதில்லை. அவற்றைப் பற்றிச் சொல்ல உங்கள் வீட்டிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். உங்கள் மகள் கேட்ட வழியைப் பற்றிச் சொல்லத்தான் அங்கே யாரும் இல்லை.

"புத்தகம் அடுக்குகிற வேலைக்கா இவ்வளவு படிக்க வைத்தோம்?" என்று கேட்டீர்கள். ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் தலைமை நூலகர் புத்தகம் அடுக்குவதில்லை. பல்கலைக்கழகத்தின் பெரிய செலவுக் கணக்குகளில் ஒன்று அவர் கையில் இருக்கிறது. ஆய்விதழ்ச் சந்தாவுக்காக உலகின் மிகப் பெரிய பதிப்பகங்களோடு பேரம் பேசுவது அவர் வேலை. கலிபோர்னியா பல்கலைக்கழகம் 2019இல் எல்செவியர் என்ற பதிப்பகத்தின் இதழ்ச் சந்தாவைப் புதுப்பிக்க மறுத்தது. தங்கள் ஆய்வாளர்கள் எழுதும் கட்டுரைகளை உலகில் எவரும் இலவசமாகப் படிக்க முடிய வேண்டும் என்று கேட்டு, இரண்டு ஆண்டு பிடிவாதமாக நின்று, 2021இல் ஒப்பந்தம் போட்டது. அந்தப் பேச்சுவார்த்தை மேஜையில் பேராசிரியர்களோடு நூலகர்களும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த நூலகத்துக்குள்ளேயே இன்னொரு உலகம் இருக்கிறது. சிறப்புத் தொகுப்புகள் என்பார்கள். கையெழுத்துப் பிரதிகள், முதற்பதிப்புகள், ஓலைச்சுவடிகள், வரைபடங்கள், புகைப்படங்கள், ஒரு விஞ்ஞானியின் ஆய்வுக் குறிப்பேடு, ஒரு போராட்டத்தில் கையில் கொடுத்த துண்டறிக்கை. இவற்றுக்கு இன்னொரு படி கிடையாது. தொலைந்தால் வேறொரு நூலகத்திலிருந்து வரவழைக்க முடியாது. உங்கள் மகளின் மனம் போவது இங்கேதான். ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்த வாசிப்பு அறைக்குள் பேனாவைக் கொண்டுபோக விடமாட்டார்கள். பென்சிலுக்கு மட்டுமே அனுமதி. பழைய நூலைத் தட்டையாக விரித்தால் தையல் விட்டுவிடும் என்பதால் இரு பக்கமும் சாய்வான மெத்தைகள் வைத்துப் பாதியளவே திறப்பார்கள். பக்கம் புரளாமல் இருக்கத் துணிக்குள் ஈயக் குண்டுகள் கோத்த நீளமான கயிற்றை அதன்மேல் மெல்லக் கிடத்துவார்கள். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு ஏடு புரட்டுவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். உண்மையில் பெரும்பாலான நூலகங்கள் காகிதத்துக்கு அதை வேண்டாம் என்கின்றன. கையுறை போட்ட விரலுக்குத் தாளின் மெல்லிய விளிம்பு தெரியாது, கிழித்துவிடும். கழுவித் துடைத்த வெறுங்கையே நல்லது. புகைப்படங்களுக்குத்தான் கையுறை. இப்படி ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நடைமுறை, ஒவ்வொரு நடைமுறைக்கும் ஒரு காரணம். கணிதத்தைப் போல ஒழுங்கானது இது.

வேதியியலும் உண்டு. பழைய மைகளில் இரும்பு உப்பு கலந்த ஒரு வகை, எழுதிய இடத்தைப் பல ஆண்டுகளில் அரித்துத் துளையாக்கிவிடும். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மரக்கூழில் செய்த காகிதத்தில் அமிலம் தங்கியிருப்பதால் அது பழுத்து, மடித்த இடத்தில் பொடியாகும். யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கி நூலகத்தில் 1977இல் வண்டு புகுந்துவிட்டது. மருந்தடித்தால் நூலும் கெடும், ஆளும் கெடும். பூச்சியியல் பேராசிரியர் ஒருவர் சொன்ன யோசனைப்படி நூல்களை உறையிலிட்டு, மைனஸ் 36 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்து வண்டுகளைக் கொன்றார்கள். அதன்பின் பல நூலகங்கள் இந்த முறைக்கு மாறின. இதைப் படிக்கும்போது உங்கள் மகளின் கண்ணில் தெரியக்கூடிய வெளிச்சத்தை நினைத்துப் பார்க்கிறேன்.

இனி பொறுப்பு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் டார்வினின் இரண்டு குறிப்பேடுகளைப் படம் எடுப்பதற்காக 2000இல் வெளியே எடுத்தார்கள். உயிரினங்கள் ஒன்றிலிருந்து ஒன்று கிளைப்பதை மரமாக அவர் 1837இல் கிறுக்கிப் பார்த்த பக்கம் அவற்றில் ஒன்றில்தான் இருக்கிறது. 2001 தொடக்கத்தில் சரிபார்த்தபோது அவை இருந்த பெட்டியைக் காணவில்லை. எங்கோ இடம் மாறியிருக்கும், கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையிலேயே ஏறக்குறைய இருபது ஆண்டுகள் போயின. பின்னர் பொறுப்புக்கு வந்த நூலகர் ஜெசிகா கார்ட்னர் மறுபடி முழுமையாகத் தேட வைத்தார். திருட்டுப் போயிருக்கவே வாய்ப்பு அதிகம் என்ற முடிவுக்கு வந்து, காவல்துறைக்குத் தெரிவித்து, 2020 நவம்பரில் உலகுக்கே அறிவித்தார். தன் நிறுவனத்தின் குறையைத் தானே வெளியே சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும் என்று யோசியுங்கள். 2022 மார்ச்சில் நூலகர் அறைக்கு வெளியே ஓர் இளஞ்சிவப்பு நிறப் பரிசுப் பை கிடந்தது. உள்ளே இரண்டு குறிப்பேடுகளும் பத்திரமாக இருந்தன. நூலகருக்கு ஈஸ்டர் வாழ்த்து எழுதிய உறையும் கூடவே இருந்தது. வைத்தது யார் என்று தெரியவில்லை.

எல்லாக் கதையும் இப்படி நல்லபடியாக முடிவதில்லை. கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் 2021 ஏப்ரல் 18 அன்று மலைச்சரிவில் பரவிய காட்டுத்தீ, ஜாகர் நூலகத்தின் வாசிப்புக் கூடத்தை எரித்துவிட்டது. ஆப்பிரிக்க ஆய்வுத் தொகுப்பின் அச்சு நூல்களில் பெரும்பகுதி சாம்பலானது. தீத்தடுப்புக் கதவுகள் இறங்கியதால் அடித்தளக் கிடங்கில் இருந்த ஆவணங்கள் எரியாமல் தப்பின. ஆனால் தீயணைக்க அடித்த தண்ணீர் அங்கே இறங்கிவிட்டது. ஈரக் காகிதத்தில் இரண்டு மூன்று நாளிலேயே பூஞ்சை பிடிக்கும். மாணவர்களும் ஊர்மக்களும் வரிசையில் நின்று பெட்டி பெட்டியாகக் கைமாற்றி வெளியே எடுத்தார்கள். எதை முதலில் எடுப்பது, எதை உலர்த்துவது, எதைக் குளிரில் உறைய வைத்துப் பிறகு பார்த்துக்கொள்வது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்ய ஒருவர் வேண்டும். புத்தகம் அடுக்குகிறவரால் அது ஆகுமா, சொல்லுங்கள்.

அம்மா, நீங்கள் கடைசியில் ஒன்று கேட்டீர்கள். "இனி எல்லாம் கணினிதானே, நூலகர் எதற்கு?" நியாயமான கேள்வி. அச்செழுத்தை இயந்திரம் படிக்கும், கையெழுத்தையும் ஓரளவு படிக்கத் தொடங்கியிருக்கிறது. ஆனால் ஒருவர் தன் வாழ்நாள் கடிதங்களைத் தரும்போது, அவற்றில் உயிரோடிருக்கும் மூன்றாமவர் ஒருவரின் நோய் பற்றி எழுதியிருந்தால் அதை இன்று திறப்பதா, ஐம்பது ஆண்டு கழித்துத் திறப்பதா? ஓர் இனத்து மக்களிடமிருந்து பலவந்தமாக எடுத்துவந்த சுவடி என்று தெரிந்தால் திருப்பித் தருவதா? நாற்பது பெட்டி வருகிறது, பத்துப் பெட்டிக்குத்தான் இடம் என்றால் எதை மறுப்பது? இவற்றுக்கு ஒரு மனிதர்தான் பதில் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும்.

எஸ். ஆர். ரங்கநாதன் கதையை உங்கள் வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். அவர் கணித ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். சில நாளிலேயே அந்தத் தனிமை தாங்காமல் பழைய கல்லூரிக்கே திரும்பிவிடுகிறேன் என்று கேட்டவர். லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வா, அப்போதும் பிடிக்கவில்லை என்றால் திரும்பி வா என்றார்கள். அங்கே நூலகம் நூலகமாகப் பார்த்தபோதுதான் இது ஒரு துறை, இதற்கு ஓர் அறிவியல் தேவை என்று அவருக்குப் புலப்பட்டது. 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளை இன்றும் உலகம் முழுவதும் நூலகவியல் மாணவர்கள் படிக்கிறார்கள். நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி. பூட்டி வைத்துப் பாதுகாப்பதைப் பெருமையாக நினைத்த காலத்தில் அப்படிச் சொன்னார்.

படிப்பு எப்படி என்று கேட்பீர்கள். இளங்கலையில் நூலகவியலே படிக்க வேண்டும் என்பதில்லை. வரலாறோ மொழியோ வேதியியலோ, அவளுக்கு எது ஊன்றிப் படிக்கப் பிடிக்கிறதோ அதைப் படிக்கட்டும். பழைய எழுத்து வடிவம் ஒன்றையாவது வாசிக்கப் பழகட்டும். முதுகலையில் நூலக, தகவல் அறிவியல். முடிந்தால் ஆவணக் காப்பகவியலைச் சிறப்புப் பாடமாக எடுக்கட்டும். கணினியும் அங்கேயே தேவைப்படும், தேவைக்காகக் கற்பதால் நன்றாகவே கற்பாள். அதன்பின் பட்டியலாளர், தொகுப்புக் காப்பாளர், சிறப்புத் தொகுப்புகளின் தலைவர் என்று படிகள். தலைமை நூலகர் நாற்காலிக்கு வர இருபது ஆண்டுகளும் ஆகலாம்.

மறைக்காமல் சொல்கிறேன். தொடக்கச் சம்பளம் பெரியப்பா மகனின் சம்பளத்துக்கு அருகில் வராது. பணியிடங்கள் குறைவு. ஒருவர் ஓய்வு பெற்றால்தான் பல இடங்களில் அடுத்தவருக்கு வாய்ப்பு. முதல் சில ஆண்டுகள் ஒப்பந்த வேலையாக ஊர் ஊராக மாற வேண்டி வரலாம். இதையெல்லாம் அவளிடமும் சொன்னேன். தலையாட்டினாள். ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தாள்.

பண விஷயத்தில் மட்டும் கறாராக இருக்கிறேன். அந்தப் பொறியியல் இடத்துக்காக வீட்டை அடமானம் வைக்கப் போவதாகச் சொன்னீர்கள். வைக்காதீர்கள். பிடிக்காத படிப்பை அவள் மூன்றாம் ஆண்டில் விட்டால் கடன் உங்களோடு இருக்கும், பெரியப்பாவோடு இருக்காது. இதே கண்டிப்பு நூலகத்துக்கும் பொருந்தும். வெளிநாட்டில் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தில் நூலகவியல் படிக்கிறேன் என்று அவள் நாளை கேட்டாலும், உதவித்தொகை இல்லாமல் கடன் வாங்கி அனுப்பாதீர்கள். இந்தத் துறையின் தொடக்கச் சம்பளம் அந்தக் கடனைத் தாங்காது. உங்கள் ஓய்வுக்காலச் சேமிப்பை எந்தப் படிப்புக்காகவும் தொடக் கூடாது.

உறவினர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று தயங்கினீர்கள். அவளையே சொல்லவிடுங்கள். தன் காரணத்தைத் தானே சொல்லத் தெரிந்த பிள்ளை அவள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.

முன்பணம் கட்ட வேண்டிய தேதி போகட்டும். இந்த விடுமுறையில் அருகிலுள்ள பல்கலைக்கழக நூலகத்துக்கு எழுதி, சிறப்புத் தொகுப்புப் பிரிவில் இரண்டு மாதம் ஊதியமில்லாமல் உதவி செய்ய அனுமதி கேட்கச் சொல்லுங்கள். கடிதத்தை அவள் கைப்பட எழுதட்டும், அந்த நோட்டின் நான்கைந்து பக்கங்களை நகலெடுத்து இணைக்கட்டும். அனுமதி கிடைத்தால் தூசி தட்டவும், பெட்டிக்குச் சீட்டு எழுதவும், ஒரே மாதிரியான ஐந்நூறு உறைகளுக்கு எண் போடவும் விடுவார்கள். அலுப்பான வேலைதான். இரண்டு மாதம் கழித்தும் மாலையில் வீடு திரும்பி அன்று பார்த்த ஒரு கடிதத்தைப் பற்றி உங்களிடம் ஓயாமல் பேசினாள் என்றால் என்னிடம் அழைத்து வாருங்கள், கல்லூரி விண்ணப்பங்களை உட்கார்ந்து நிரப்பலாம். பேசவில்லை என்றாலும் அழைத்து வாருங்கள். வேறு வழி பார்ப்போம், உங்கள் வீட்டுப் பத்திரம் அலமாரியிலேயே இருக்கும்.