பழைய டிரெயில் பைக்கை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா? – கேள்வி பதில்

காட்டுத் தடங்களிலும் கல் பாதைகளிலும் ஓட்டும் பழைய பைக்கை விற்றுவிட்டுப் புதியது வாங்கலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். என்னால் இயன்றவரை ஒவ்வொருவருக்கும் பதில் தருகிறேன்.

கேள்வி: என்னிடம் இருப்பது 1998 மாடல் ஹோண்டா எக்ஸ்ஆர்400ஆர். எஞ்சினில் குறையில்லை. ஆனால் கல் நிறைந்த தடத்தில் முன் சக்கரம் எகிறிக்கொண்டே இருக்கிறது. மணிக்கட்டும் தோளும் வலிக்கின்றன. கூட வருகிறவர்கள் எல்லாரும் புது வண்டிக்கு மாறிவிட்டார்கள். நானும் மாறலாமா ஐயா?

பதில்: விற்பதற்கு முன் ஒன்று சொல்லுங்கள்: முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? எஞ்சின் ஆயிலைத் தவறாமல் மாற்றுகிறவர்கள்கூட ஃபோர்க்குக்குள் ஆயில் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். அது பழசாகி, தேய்மானத் துகள்கள் கலந்து நீர்த்துப்போனால், அமுங்கிய ஸ்பிரிங்கை அடக்கி நிதானமாக மேலே விட ஆளில்லை. நீங்கள் சொல்லும் எகிறலுக்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

அடுத்தது ஸ்பிரிங். தொழிற்சாலையில் போட்ட ஸ்பிரிங் ஏதோ ஒரு சராசரி எடைக்கானது, உங்கள் எடைக்கானது அல்ல. பொருந்துகிறதா என்று வீட்டிலேயே அளந்துவிடலாம். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பின் சக்கரம் தொங்கும்போது அச்சிலிருந்து நேர் மேலே மட்கார்டில் ஒரு புள்ளி வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு வண்டியைத் தரையில் இறக்கி, ஆள் ஏறாமல் ஓர் அளவு. கடைசியாக ஹெல்மெட், பூட்ஸ், முதுகுப் பை எல்லாவற்றோடும் ஏறி ஓர் அளவு. இதற்குத் துணைக்கு ஒருவர் வேண்டும். பின் சக்கரம் சுமார் 300 மி.மீ. தூரம் மேலும் கீழும் அசையும் வண்டியில், நீங்கள் ஏறியதும் முதலில் எடுத்த அளவிலிருந்து 100 மி.மீ. வரை அமிழ வேண்டும். ஆள் இல்லாதபோது 30 முதல் 40 மி.மீ. வரை.

பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. நீங்கள் ஏறும்போது 100 சரியாக வந்து, ஆள் இல்லாதபோது அமிழ்வே இல்லை என்றால், ஸ்பிரிங் உங்களுக்கு மென்மையானது. உங்கள் எடையைத் தாங்க அதை அளவுக்கு மீறி இறுக்கி வைத்திருக்கிறீர்கள் என்று பொருள். அதற்குமேல் திருகிப் பயனில்லை. கடினமான ஸ்பிரிங் வாங்குங்கள்.

கூடவே பின் ஷாக் அப்சார்பரைத் தாங்கும் இணைப்புப் பேரிங்குகளைக் கழற்றிப் பாருங்கள். இந்த வயது வண்டியில் அவை துருவேறி இறுகியிருக்க வாய்ப்பு அதிகம். டயரில் சாலைக்குரிய காற்றழுத்தம் இருந்தால் 14 பிஎஸ்ஐ அளவுக்குக் குறையுங்கள். ஆனால் டயரை விளிம்போடு பிடித்து நிறுத்தும் ரிம் லாக் இருப்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். இத்தனையும் முடித்துச் சில வாரங்கள் ஓட்டிய பிறகும் புது வண்டி வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக வாங்குங்கள். எதற்காக வாங்குகிறீர்கள் என்பது அப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கேள்வி: அதே எக்ஸ்ஆர்400தான் என்னிடமும். செங்குத்தான ஏற்றத்தில் திணறுகிறது. பெரிய பிஸ்டன் போடலாமா?

பதில்: வேண்டாம். செயின் ஓடும் முன் ஸ்பிராக்கெட்டில் (பற்சக்கரத்தில்) ஒரு பல்லைக் குறையுங்கள். முன்னே 15, பின்னே 45 பற்கள் உள்ள வண்டியில் முன்னே 14 போட்டால், பின்னே மூன்று பற்கள் கூட்டியதற்குச் சமம். உச்ச வேகம் கொஞ்சம் குறையும். காட்டுக்குள் அது யாருக்கு வேண்டும்?

கேள்வி: சுஸுகி டிஆர்-இஸட்400எஸ் வைத்திருக்கிறேன். என் எடை 58 கிலோ, உயரமும் குறைவு. சேற்றில் விழுந்தால் தூக்கி நிறுத்தவே பாதித் தெம்பு போய்விடுகிறது. சஸ்பென்ஷனைச் சரிசெய்தால் போதும் என்கிறார் நண்பர்.

பதில்: உங்கள் நண்பர் சொல்வதை இந்த முறை ஏற்க மாட்டேன். நீங்கள் வண்டியை மாற்றத்தான் வேண்டும். பழைய வண்டியின் எந்தக் குறையையும் பாகம் வாங்கிச் சரிசெய்யலாம், எடையைத் தவிர. அங்கே இங்கே சில கிலோ குறைக்கலாம், அவ்வளவுதான். பெட்ரோலோடு சுமார் 144 கிலோ எடையும் 935 மி.மீ. இருக்கை உயரமும் உள்ள வண்டியோடு நீங்கள் போராட வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆனால் புதியது என்றாலே இலகுவானது என்று எண்ணிக் கடைக்குப் போய்விடாதீர்கள். 2012இல் அறிமுகமான ஹோண்டா சிஆர்எஃப்250எல் சிறிய எஞ்சினோடு வந்தும், எடையில் உங்கள் சுஸுகிக்கு ஏறத்தாழச் சமம். இருக்கை மட்டும் தாழ்வு. மறுபக்கம், கேடிஎம் 300 இஎக்ஸ்சி போன்ற, காட்டுப் பாதைப் பந்தயத்துக்கான எண்டியூரோ வண்டிகள் பெட்ரோல் இல்லாமல் 105 கிலோவை ஒட்டி வருகின்றன. ஆனால் இருக்கை 950 மி.மீ.க்கு மேல் நிற்கும். கால் தரையில் எட்டாத இலகுவும் சரிவில் தொல்லைதான். உங்களுக்கு நான் சொல்வது ஹோண்டா சிஆர்எஃப்230எஃப் வகை வண்டி: காற்றால் குளிரும் எளிய எஞ்சின், செல்ஃப் ஸ்டார்ட், 115 கிலோவை ஒட்டிய எடை, 870 மி.மீ. அளவில் இருக்கை. சஸ்பென்ஷன் மென்மையாக இருக்கும். உங்கள் எடைக்கும் நிதானமான ஓட்டத்துக்கும் அது நல்லதே.

கேள்வி: பழைய எக்ஸ்ஆர்250ஆர் என்னுடையது. நண்பர் தன் கேடிஎம் 350 இஎக்ஸ்சி-எஃப்பைத் தருகிறேன் என்கிறார். ஓட்டிப் பார்த்தேன் அண்ணா, இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. வாங்கிவிடவா?

பதில்: அந்த மகிழ்ச்சி உண்மையானது தம்பி. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பிரேக், ஃபோர்க், எடை எல்லாவற்றிலும் உங்கள் வண்டியை அது மிஞ்சும். நீங்கள் முடிவு செய்ய வேண்டியது, அதைப் பராமரிக்க உங்களுக்கு மனமும் நேரமும் உண்டா என்பதைத்தான்.

எக்ஸ்ஆர்250ஆரின் வால்வு இடைவெளியை ஒரு ஸ்பேனரும் இடைவெளி அளக்கும் தகடும் இருந்தால் நீங்களே சரிசெய்துவிடுவீர்கள். திருகும் பூட்டு நட்டும் கொண்ட அமைப்பு அது. அந்தக் கேடிஎம்மைப் போலப் பந்தய வழியில் வந்த எஞ்சின்களில் அளந்தெடுத்த சின்னஞ்சிறு தகடுகளை மாற்றியாக வேண்டும். அவற்றுக்கான பராமரிப்பு கிலோமீட்டரில் அல்ல, ஓடிய மணிக்கணக்கில் எழுதப்படுகிறது. எஞ்சினுக்குள் ஒரு லிட்டர் சொச்சம் ஆயில்தான் இருக்கும். அதை அடிக்கடி மாற்றியாக வேண்டும். பிஸ்டனுக்கும் காலக்கெடு உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஓட்டிவிட்டு அடுத்த ஞாயிறு வரை வண்டியைத் திரும்பிப் பார்க்காதவர் என்றால், எக்ஸ்ஆரோடு இருங்கள். கையில் எண்ணெய் படுவது பிடிக்கும் என்றால் வாங்குங்கள். நண்பரிடம் பராமரிப்புக் குறிப்பேட்டைக் கேளுங்கள். குறிப்பேடே இல்லை என்றால் வால்வு இடைவெளியை அளந்து பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: கார்புரேட்டர் வண்டி மலை ஏற ஏற மந்தமாகிறது. ஃபியூவல் இன்ஜெக்ஷனுக்கு மாறுவது நியாயமா?

பதில்: உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறையும், கார்புரேட்டரோ பெட்ரோலை ஏறத்தாழப் பழைய அளவிலேயே தந்துகொண்டிருக்கும். இன்ஜெக்ஷன் அதை உணர்ந்து குறைத்துக்கொள்ளும். ஆனால் எந்த எஞ்சினும் உயரத்தில் சக்தி இழக்கவே செய்யும். 300 மீட்டருக்கு ஏறக்குறைய 3 சதவீதம். ஒரே பயணத்தில் அடிவாரத்திலிருந்து உச்சி வரை போகிறவருக்கு இன்ஜெக்ஷன் பெரிய வசதி. எப்போதும் ஒரே உயரத்தில் ஓட்டுகிறவர் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டைப் பொருத்தமாகப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

கேள்வி: முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்திருக்கிறது. கிக்கர் மட்டுமே உள்ள பழைய வண்டி. மருத்துவர் ஓட்ட அனுமதித்துவிட்டார்.

பதில்: செல்ஃப் ஸ்டார்ட் உள்ளதற்கு உடனே மாறிவிடுங்கள். சரிவில் எஞ்சின் நின்று, ஒரு கால் மட்டும் ஊன்றியபடி உதைக்க வேண்டிய நிலையை உங்கள் முழங்காலுக்குத் தராதீர்கள்.

கேள்வி: பழைய வண்டிக்கு இனிமேல் செலவு செய்யக் கூடாது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: வண்டியின் சட்டத்தை (ஃபிரேமை) கழுவித் துடைத்து, கால்வைக்கும் இடத்தைச் சுற்றியும் ஹேண்டில்பாரின் கழுத்துப் பகுதியிலும் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே விரிசல் இருந்தால் மற்ற எதையும் பார்க்க வேண்டாம். அடுத்தது புகை. ஸ்டார்ட் செய்ததும் ஒரு முறை நீலப் புகை வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல், சிறிய வேலை. ஆக்சிலரேட்டரைத் திருகும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம்.

அதைவிட முக்கியமானது உதிரிபாகம். கேபிள், பேரிங், பிரேக் பேட் எங்கேயும் கிடைக்கும். தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் சிடிஐ பெட்டி, மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டர் காயில், கியர் பற்சக்கரங்கள் ஆகிய மூன்றும் உங்கள் மாடலுக்கு இன்னும் கிடைக்கின்றனவா என்று விசாரியுங்கள். கிடைக்காது என்றால், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே விற்றுவிடுவது நல்லது. வாங்குகிறவரிடம் அதைச் சொல்லியே விற்றுவிடுங்கள்.

கேள்வி: சஸ்பென்ஷனுக்குச் செலவழித்தால் விற்கும்போது அந்தப் பணம் திரும்புமா?

பதில்: திரும்பாது. உங்கள் எடைக்குப் போட்ட ஸ்பிரிங் வாங்குகிறவருக்குப் பொருந்த வேண்டும் என்பதும் இல்லை. அதனால் கழற்றிய பழைய ஸ்பிரிங்குகளை எண்ணெய் தடவிப் பத்திரமாக வையுங்கள். விற்கும் நாளில் அவற்றையே மாட்டிவிட்டு, உங்களுடையதை அதே மாடல் வைத்திருக்கும், உங்கள் எடையை ஒத்த ஒருவருக்குத் தனியாகக் கொடுத்துவிடலாம்.