பதினெட்டு முறை பறந்த ராக்கெட்டில் ஏறலாமா? – கேள்வி பதில்

செயற்கைக்கோள்களைப் பொருத்திச் சோதித்து ஏவுதளம் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் என் தொழிலாக இருந்தது. மறுபயன்பாட்டு ராக்கெட்டுக்காக ஒரு செயற்கைக்கோளை எப்படித் தயார் செய்கிறார்கள் என்று கேட்டிருந்தவர்களுக்கு என் பதில்கள் கீழே. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: நம் ஜிசாட்-என்2 தகவல்தொடர்புச் செயற்கைக்கோளை ஏற்கெனவே 18 முறை பறந்த ராக்கெட்டில் அனுப்பினார்களாமே? இவ்வளவு விலையுள்ள பொருளை அப்படி நம்பி ஏற்றலாமா, சார்?

அனுப்பியது உண்மை. 2024 நவம்பர் 19 அன்று, இந்திய நேரப்படி நள்ளிரவு கடந்ததும், அமெரிக்காவின் கேப் கானவரலில் இருந்து ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் பால்கன் 9 ராக்கெட் அதைத் தூக்கிச் சென்றது. ராக்கெட்டின் முதல் அடுக்குக்கு அது 19-ஆவது பயணம். ஆனால் செயற்கைக்கோள் அந்தப் பழைய அடுக்கைத் தொடுவதே இல்லை. அது உட்கார்வது இரண்டாம் அடுக்கின் மேல். பால்கன் 9-இல் இரண்டாம் அடுக்கு ஒவ்வொரு முறையும் புதியது. திரும்பி வருபவை முதல் அடுக்கும், செயற்கைக்கோளை மூடியிருக்கும் கூம்பு போன்ற வெப்பக் கவசமும் மட்டுமே.

பறந்து திரும்பிய அடுக்கில் ஏற முதலில் துணிந்தது லக்சம்பர்க்கின் எஸ்.இ.எஸ். நிறுவனம். அதன் எஸ்.இ.எஸ்-10 செயற்கைக்கோள் 2017 மார்ச் 30 அன்று ஒருமுறை பறந்து திரும்பிய முதல் அடுக்கில் சென்றது. அன்று அது பெரிய செய்தி. இன்று 30 முறைக்கு மேல் பறந்த அடுக்குகளும் இருக்கின்றன. பலமுறை சரியாக வேலை செய்த எஞ்சின் என்பது, என்னைக் கேட்டால், ஒரு சான்றிதழ்.

கேள்வி: நம்மிடம் இஸ்ரோவின் பெரிய ராக்கெட் எல்விஎம்-3 இருக்கும்போது ஏன் வெளிநாட்டு ராக்கெட்?

எடைதான் காரணம். ஜிசாட்-என்2 சுமார் 4,700 கிலோ. புவிநிலைச் சுற்றுப்பாதைக்கு (நிலநடுக்கோட்டுக்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமியோடு சேர்ந்து சுற்றும் பாதை) போக முதலில் சேர வேண்டிய நீள்வட்டப் பாதைக்கு எல்விஎம்-3 ஏறத்தாழ 4 டன் தூக்கும். 2025 நவம்பரில் 4,410 கிலோ எடையுள்ள சி.எம்.எஸ்-03 செயற்கைக்கோள் அதே ராக்கெட்டில் போனதே என்று கேட்பீர்கள். வழக்கத்தைவிடத் தாழ்வான பாதையில் விட்டார்கள். மிச்ச உயரத்தைச் செயற்கைக்கோள் தன் எரிபொருளில் ஏறிக்கொண்டது. முன்பு இப்படிப்பட்ட பெரிய எடைகளை ஐரோப்பாவின் ஏரியேன்-5 ராக்கெட் சுமந்தது. அது 2023-இல் ஓய்வு பெற்றுவிட்டது.

கேள்வி: மறுபயன்பாட்டு ராக்கெட் என்பதற்காகச் செயற்கைக்கோளில் எதையாவது மாற்ற வேண்டியிருக்குமா?

பழையது என்பதற்காக ஒரு திருகைக்கூட மாற்ற வேண்டாம். ஆனால் ராக்கெட் மாறினால் கணக்குகள் மாறும். செயற்கைக்கோளின் கட்டமைப்பைக் கணினி மாதிரியாக்கி ராக்கெட் நிறுவனத்துக்குக் கொடுப்போம். அவர்கள் அதைத் தங்கள் ராக்கெட்டின் மாதிரியோடு இணைத்து, புறப்படும்போதும் அடுக்கு பிரியும்போதும் எந்த இடத்தில் எவ்வளவு உதறல் வரும் என்று கணக்கிட்டுத் தருவார்கள். வடிவமைப்பு முதிர முதிர இந்தக் கணக்கைத் திரும்பப் போடுவார்கள். பால்கன் 9-க்கான பொதுவான வரம்பு, நீளவாக்கில் புவியீர்ப்பைப் போல் 6 மடங்கு, பக்கவாட்டில் 2 மடங்கு. இதை ஒட்டித்தான் அதிர்வு மேசைச் சோதனை, ஒலி அறைச் சோதனை எல்லாம். இஸ்ரோவின் செயற்கைக்கோள்களுக்கு இவை பெங்களூரிலேயே நடக்கும். வெற்றிட அறையில் வெப்பமும் குளிரும் மாறி மாறிக் கொடுக்கும் சோதனையும் அங்கேதான். அதுதான் எல்லோருடைய பொறுமையையும் சோதிக்கும்.

மறுபயன்பாடு உண்மையில் கை வைப்பது எரிபொருள் கணக்கில். முதல் அடுக்கு திரும்பி வந்து கப்பலில் இறங்கத் தனக்கென்று கொஞ்சம் எரிபொருளை ஒதுக்கி வைக்க வேண்டும். ஆகவே, முன்பு சொன்ன நீள்வட்டப் பாதைக்கு, திரும்பி வராவிட்டால் சுமார் 8.3 டன் தூக்கும் ராக்கெட், திரும்பி வர வேண்டுமென்றால் சுமார் 5.5 டன்தான் தூக்கும். 4.7 டன் என்பது அதற்குள் அடங்கும். இதோடு ஏவுதளத்தின் அட்சரேகையும் சேர்கிறது. கேப் கானவரல் 28.5 டிகிரி வடக்கில் இருக்கிறது. அங்கிருந்து போகும் செயற்கைக்கோள், நிலநடுக்கோட்டிலிருந்து தன் பாதை சாய்ந்திருக்கும் சாய்வைச் சரிசெய்து புவிநிலைப் பாதையை அடைய வினாடிக்குச் சுமார் 1,800 மீட்டர் வேகமாற்றம் தேவை. நிலநடுக்கோட்டை ஒட்டிய பிரெஞ்சு கயானாவில் இருந்து போனால் 1,500 போதும். அந்த 300 மீட்டர் வித்தியாசத்துக்கு எரியும் எரிபொருள், பின்னால் சில ஆண்டுகள் உழைத்திருக்க வேண்டியது. அதனால்தான் ராக்கெட்டில் தெம்பு மிச்சமிருந்தால் உச்சி உயரத்தை 36,000 கிலோமீட்டருக்கும் மேலே தூக்கிவிடச் சொல்லிக் கேட்பார்கள். உயரே போகப் போக வேகம் குறையும். வேகம் குறைந்த இடத்தில் சாய்வைத் திருப்புவது மலிவு.

கேள்வி: பால்கன் ராக்கெட்டைப் படுக்கவைத்துத்தான் செயற்கைக்கோளைப் பொருத்துவார்களாம். நிற்க வேண்டியதைப் படுக்கவைத்தால் கெடாதா?

நல்ல கேள்வி. ஸ்ரீஹரிகோட்டாவில் எல்லாம் நின்ற நிலையில்தான் நடக்கும். பால்கனுக்கோ, செயற்கைக்கோளை நிற்கவைத்து வெப்பக் கவசத்தின் இரண்டு பாதிகளையும் மூடுவார்கள். பிறகு மொத்தத்தையும் படுக்கவைத்து, கொட்டகைக்குள் படுத்திருக்கும் ராக்கெட்டோடு இணைத்து, ஏவுதளத்துக்கு உருட்டிக்கொண்டு போய் நிமிர்த்துவார்கள். அதுவரை செயற்கைக்கோள் அடிப்பாகத்தை மட்டும் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் தொங்கும்.

சட்டகத்துக்கு இதனால் ஆபத்தில்லை. பறக்கும்போது பக்கவாட்டில் வரும் சுமை இதைவிட அதிகம். கவனிக்க வேண்டியது எரிபொருள் தொட்டியை. எடையற்ற நிலையில் திரவம் குழாய் வாயில் ஒட்டி நிற்க, தொட்டிக்குள் மெல்லிய தகடுகளும் வலைகளும் இருக்கும். நிரப்பிய தொட்டியைச் சாய்த்தால் அழுத்த வாயு அந்த வலைக்குள் நுழைந்துவிடக்கூடும். நுழைந்தால் விண்ணில் எஞ்சின் இருமும். எவ்வளவு நிரப்பினால், எந்தப் பக்கம் சாய்த்தால் பாதுகாப்பு என்று தொட்டி செய்தவரிடம் எழுதி வாங்காமல் கிரேனைத் தொடவிட மாட்டோம்.

கேள்வி: கடலில் விழுந்த வெப்பக் கவசத்தை எடுத்துத் துடைத்து மறுபடி மாட்டுகிறார்களே, உப்பும் தூசியும் உள்ளே போகாதா?

போகக் கூடாது என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கும். புதுக் கவசமோ பழையதோ, உள்பரப்புக்கு ஒரே தூய்மை வரம்புதான். சாட்சித் தகடு ஒன்றை அருகில் வைத்து, அதில் படிந்ததை அளந்து பார்க்கலாம். ஆண்டெனாவுக்கு ஓரளவு தூசி பெரிதில்லை. கேமரா வில்லை உள்ள செயற்கைக்கோள் என்றால் நான் இரண்டு முறை கேட்பேன்.

கேள்வி: செயற்கைக்கோள் மேலே இருக்கும்போதே ராக்கெட் வெடித்த சம்பவம் ஒன்று உண்டு அல்லவா?

2016 செப்டம்பர் 1, இஸ்ரேலின் அமோஸ்-6 செயற்கைக்கோள், பால்கன் 9 ராக்கெட். புறப்படுவதற்கு முன் எஞ்சின்களைத் தரையிலேயே சில நொடிகள் எரித்துப் பார்க்கும் சோதனைக்காக எரிபொருள் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். நேரம் மிச்சம் பிடிக்கச் செயற்கைக்கோளையும் மேலே வைத்திருந்தார்கள். இரண்டாம் அடுக்கின் திரவ ஆக்சிஜன் தொட்டிக்குள் இருந்த ஹீலியம் கலன் பழுதாகி எல்லாம் எரிந்துபோயிற்று. கவனியுங்கள், அது புத்தம்புது ராக்கெட். இன்னொன்று: ஏவுதல் காப்பீடு எஞ்சின் பற்றவைக்கும் நொடியில்தான் தொடங்கும். ஆகவே அந்த இழப்பு சரக்குப் போக்குவரத்துக் காப்பீட்டில் போய் நின்றது. அதன் பிறகு வாடிக்கையாளரின் செயற்கைக்கோளைக் கீழே வைத்துவிட்டுத்தான் அந்தச் சோதனையை நடத்துவது வழக்கமாயிற்று. பலமுறை பறந்த அடுக்குகளுக்கு அந்தச் சோதனையையே பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: எரிபொருளை ஊரிலேயே நிரப்பி அனுப்ப முடியாதா?

முடியாது. அந்தத் திரவம் கொடிய நஞ்சு, விமானத்தில் நிரப்பிய தொட்டியோடு ஏற்ற மாட்டார்கள். வழக்கமான வேதியியல் எஞ்சின் உள்ள பெரிய செயற்கைக்கோளில் புறப்படும் எடையில் பாதிக்கு மேல் எரிபொருள்தான். ஏவுதளத்துக்கு வந்து, பயணத்தில் எதுவும் குலுங்கிக் கழலவில்லை என்று மின்சோதனை முடித்த பிறகே நிரப்புவார்கள். காற்றுக் குழாய் பூட்டிய முழு உடை அணிந்த சிலர் மட்டும் அறைக்குள் இருப்பார்கள். எரிபொருளும் ஆக்சிஜனேற்றியும் ஒரே நேரத்தில் அங்கே நடமாடாது. அந்த நாட்களில் கட்டடத்துக்குள் யாரும் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை.

கேள்வி: மழையால் ஏவுதல் தள்ளிப்போனால் உள்ளே இருக்கும் செயற்கைக்கோள் என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது. குளிரூட்டிய, வடிகட்டிய காற்று கவசத்துக்குள் போய்க்கொண்டே இருக்கும். கம்பி வழியாக பேட்டரி சார்ஜ் ஏறும். காத்திருக்கும் மனிதர்களின் நிலைதான் பரிதாபம்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் ஒரு குட்டி செயற்கைக்கோள் செய்கிறோம். பலரோடு பங்கு போட்டுப் போகும் பால்கன் பயணத்தில் இடம் கிடைக்குமா? எதை முதலில் கவனிக்க வேண்டும்?

கிடைக்கும். 2021 ஜனவரியில் ஒரே ராக்கெட்டில் 143 செயற்கைக்கோள்கள் போயின. பெங்களூரு பிக்சல் நிறுவனத்தின் செயற்கைக்கோள்களும் இப்படிப்பட்ட பயணங்களில் சென்றிருக்கின்றன. முதலில் அலைவரிசை அனுமதி. அதற்கு மாதக் கணக்கில் ஆகும், எல்லோரும் கடைசியில்தான் நினைப்பார்கள். அடுத்தது பேட்டரி: போக்குவரத்துக்கான பாதுகாப்புச் சான்று உள்ள லித்தியம் செல்களையே வாங்குங்கள். மூன்றாவது, பக்கத்தில் இருப்பவரின் விலையுயர்ந்த செயற்கைக்கோளுக்கு உங்களால் தீங்கு வராது என்று தாளில் நிரூபிக்க வேண்டும். அதிர்வுச் சோதனையில் ஒரு திருகு கழன்றாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தேதியில் மட்டும் சலுகை எதிர்பார்க்காதீர்கள். உங்களுடையது தயாராகவில்லை என்றால் ராக்கெட் நிற்காது. அதே எடையுள்ள ஓர் உலோகக் கட்டியை உங்கள் இடத்தில் பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.