நிலமற்றோர் அமைப்பு ஒன்றின் பணியை எப்படி மதிப்பிடுவது?

ஏக்தா பரிஷத்தையே எடுத்துக்கொள்வோம். 2007-இல் நில உரிமை கேட்டு குவாலியரிலிருந்து டெல்லிக்குச் சுமார் 25,000 பேரை நடைப்பயணமாக அழைத்துச் சென்ற அமைப்பு. 2012-இல் மறுபடி கிளம்பியபோது, ஆக்ராவிலேயே மத்திய அரசு 10 அம்ச உடன்பாட்டில் கையெழுத்திட்டது. கூட்டத்தையும் கையெழுத்தையும் பார்த்து மதிப்பெண் போடாதீர்கள், பட்டாவைப் பாருங்கள்.

போக வேண்டிய கிராமங்களை நீங்களே குலுக்கிப் போட்டு எடுங்கள். அமைப்பிடம் விட்டால் வெற்றி பெற்ற ஊரைத்தான் காட்டுவார்கள். காட்டு நிலத்தில் உழுது வாழ்வோருக்கு அந்த நிலத்தில் உரிமை தரும் வன உரிமைச் சட்டப்படி (2006) போட்ட மனுக்கள் என்றால், ஒவ்வொன்றையும் கிராம சபைத் தீர்மானம், கோட்ட அளவிலான குழு, மாவட்டக் குழு என்று தொடர்ந்து போய், எந்தப் படியில் நின்றது என்று குறியுங்கள்.

பட்டா கையில் இருந்தாலும் வேலை முடியவில்லை. உழுவது மூன்று ஏக்கர், பட்டாவில் ஒரு ஏக்கர் என்பது அடிக்கடி நடக்கும். அளந்து பாருங்கள். மனைவி பெயரும் சேர்ந்திருக்கிறதா? சட்டம் கூட்டுப் பெயரில்தான் தரச் சொல்கிறது. நிராகரித்த மனுவுக்கு 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். நிராகரிப்புக் கடிதமே கொடுக்காமல் விட்டதால் கெடு தாண்டிய மனுக்கள் எத்தனை, அதை எதிர்த்து அமைப்பு என்ன செய்தது என்று கேளுங்கள். என் பார்வையில் எடை அதிகம் இதற்குத்தான்.

கடைசியாக, வெளியூர் ஊழியர் இல்லாத நாளில் கூட்டம் நடக்கிறதா, மனு எழுத உள்ளூரில் ஆள் உண்டா என்று பாருங்கள். 2012 உடன்பாடு சொன்ன தேசிய நிலச் சீர்திருத்தக் கொள்கை வரைவோடு நின்றுபோனதை அமைப்பின் தோல்விக் கணக்கில் எழுதாதீர்கள்.