முதல் பெயர் மட்டும் ஏன் காணாமல் போகிறது?

கேள்வி: ஜாவாஸ்கிரிப்டில் ஒரு பெயர்ப் பட்டியல். கேட்கிற பெயர் அதில் உண்டா என்று பார்க்க இண்டெக்ஸ்ஆஃப் போட்டு அப்படியே இஃப்-க்குள் கொடுத்தேன். முதல் பெயரைக் கேட்டால் இல்லை என்கிறது, இல்லாத பெயரைக் கேட்டால் இருக்கிறது என்கிறது. என்ன கோளாறு? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: நீங்கள் கேட்டது ஒன்று, அது சொன்னது ஒன்று. இருக்கிறதா என்று நீங்கள் கேட்க, எந்த இடத்தில் இருக்கிறது என்று அது சொல்கிறது. இடத்தை 0-வில் இருந்து எண்ணுவதால் முதல் பெயருக்கு 0 வரும், பெயரே இல்லையென்றால் -1 வரும். ஆனால் இஃப்-க்கு 0 என்றால் பொய், -1 என்றால் மெய், ஆகவே இந்த இரண்டும் தலைகீழ். இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் போதும் என்றால் இன்க்ளூட்ஸ் போடுங்கள், 2016-லேயே வந்துவிட்டது. (இன்னமும் பழைய பாடத்தைப் பார்த்து இண்டெக்ஸ்ஆஃப் எழுதுகிறவர்கள் குறைந்தபாடில்லை.) ஆனால் ஒன்று, பட்டியலில் இருப்பது பெயர், வயது என்று சேர்ந்த ஆப்ஜெக்ட் என்றால் இன்க்ளூட்ஸும் கைகொடுக்காது. அச்சு அசலாக அதே விவரத்தோடு புதிதாக ஒன்றை எழுதிக் கொடுத்தாலும் அது வேறு ஆப்ஜெக்ட்தான். அங்கே சம் (some) போட்டு, பெயர் ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். ஆளே கையில் வேண்டும் என்றால் ஃபைண்ட்.

கேள்வி: பைத்தானில் 2 லட்சம் எண்கள் உள்ள லிஸ்டில் இன்னொரு ஃபைலில் இருக்கும் 50,000 எண்களையும் இன் (in) போட்டுத் தேடுகிறேன். டீ குடித்துவிட்டு வந்தாலும் முடியவில்லை. (வாசகி, ஈரோடு)

பதில்: சாப்பாடே முடித்துவிட்டு வரலாம். லிஸ்டில் இன் என்றால் முதலில் இருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகும், இல்லாத எண்ணுக்குக் கடைசி வரை போகும். ஒன்றுமே கிடைக்காவிட்டால் 1,000 கோடி ஒப்பீடு. அந்த லிஸ்டை செட்டாக மாற்றிவிடுங்கள், எண்ணை வைத்தே அதன் இடத்தைச் சொல்லும் ஹேஷ் கணக்குப் போட்டு நேராக அந்த இடத்துக்கே போய்ப் பார்த்துவிடும். மாற்றுவதை லூப்புக்கு வெளியே ஒரே தடவை செய்யுங்கள், உள்ளே வைத்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் 2 லட்சத்தையும் புதிதாக அடுக்கிக்கொண்டிருக்கும். அப்புறம், ஃபைலில் இருந்து படித்தது எண் இல்லை, எழுத்து. இன்ட் போட்டு மாற்றாவிட்டால் ஒன்றுகூட அகப்படாது, வேகமாக மட்டும் முடிந்துவிடும்.